இமயத்துத் தும்பியும் ஒரு பொருந்தாப் பட்டமும்

சென்ற பருவத்தில் ஒருநாள் முதலாண்டு வகுப்பில் பாய்மங்களின் இயக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இறக்கையின் மேல் காற்று எவ்வாறு பாய்கிறது என்று விளக்கும்போது மாணவர் முகங்களில் சோர்வு தெரிந்தது. சுவைக்காக ஒரு செய்தியைச் சேர்த்தேன். “இமயமலை ஓடைகளில் ஒரு தும்பி இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளாக அது மாறவே இல்லை. அதை வாழும் புதைபடிவம் என்பார்கள்” என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், மாறவே இல்லை என்பதை எதை வைத்து அளந்தார்கள்?” என்று கேட்டாள்.

இயற்பியல் ஆசிரியனிடம் “எதை வைத்து அளந்தார்கள்” என்று கேட்டுவிட்டால் அவனுக்குத் தப்ப வழியில்லை. நாங்கள் நடத்தும் முதல் பாடமே அளவைகளைப் பற்றியதுதான். “நாளைக்குச் சொல்கிறேனம்மா” என்றேன். அந்த நாளை வருவதற்குப் பல வாரங்கள் ஆயின. கிடைத்தவற்றைப் படித்துப் பார்த்தபோது, நான் வகுப்பில் சொன்ன வாக்கியத்தில் ‘இமயமலை’, ‘ஓடை’, ‘தும்பி’ ஆகிய மூன்று சொற்கள் மட்டுமே ஐயத்துக்கு இடமின்றித் தேறின. மீதியெல்லாம் ஆராயாமல் கைமாறி வந்த பட்டம். அந்தப் பட்டத்தைத்தான் இங்கே விமரிசிக்க முற்படுகிறேன். விமரிசனத்துக்கு உள்ளாகும் முதல் ஆள் நானே.

யார் இந்தத் தும்பி?

நம் ஊரில் பறப்பவற்றைப் பொதுவாகத் தட்டான் என்றும் தும்பி என்றும் அழைக்கிறோம். சற்று உற்றுப் பார்த்தால் அவற்றில் இரு வகைகள் தெரியும். தடித்த உடலும், முன் இறக்கையைவிட அடியில் அகன்ற பின் இறக்கையும் உடையது ஒரு வகை. அது அமரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். மற்றது ஊசித்தட்டான். அதன் உடல் மெலிந்தது. நான்கு இறக்கைகளும் ஏறத்தாழ ஒரே வடிவம். அமரும்போது பெரும்பாலும் அவற்றை முதுகின் மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும்.

இமயத் தும்பி இந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்குவதில்லை. உடல் தட்டானைப் போல் தடித்தது. கருநிறத்தின் மேல் மஞ்சள் பட்டைகளும் நெஞ்சுப் பகுதியில் மயிரும் உண்டு. ஆனால் இறக்கைகள் ஊசித்தட்டானுக்கு உரியவை. அமரும்போது அவற்றை மடக்கியும் கொள்கிறது. இதன் அறிவியல் பெயர் எபியோஃபிளெபியா லெய்ட்லாவி. நேபாளம், டார்ஜிலிங், பூட்டான் ஆகிய பகுதிகளின் குளிர்ந்த மலை ஓடைகளில் வாழ்கிறது. இதன் உறவினமான எபியோஃபிளெபியா சூப்பர்ஸ்டெஸ் ஜப்பானிய மலை ஓடைகளில் வாழ்கிறது.

இந்தத் தும்பியின் வாழ்வில் பறக்கும் காலம் மிகச் சிறிது. பெண் தும்பி ஓடையோரச் செடிகளின் தண்டுக்குள் முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி நீருக்குள் கற்களின் அடியில் பல ஆண்டுகள் வளர்கிறது. ஜப்பானிய இனத்தில் இதற்கு 5 முதல் 8 ஆண்டுகள் ஆகின்றன என்று கண்டிருக்கிறார்கள். பின்னர் ஒரு வசந்த காலத்தில் வெளிவந்து, சில வாரங்கள் பறந்து, இணைந்து, மடிகிறது. ஆகவே இதை “வானத்துப் பூச்சி” என்பதைவிட “ஓடைப் பூச்சி” என்பதே பொருத்தம்.

அறிஞர்கள் காட்டிய நிதானம்

பட்டத்தைக் குறை கூறுமுன், பெயர் சூட்டிய அறிஞர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஜப்பானிய இனத்தை 1889-இல் விவரித்தவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் செலிஸ். ‘சூப்பர்ஸ்டெஸ்’ என்றால் இலத்தீன் மொழியில் ‘எஞ்சியிருப்பது’ என்று பொருள். அவர் கொடுத்த பேரினப் பெயர் ஏற்கெனவே வேறோர் உயிரினத்துக்கு வழங்கியதால், 1903-இல் கால்வெர்ட் என்பவர் எபியோஃபிளெபியா என்று மாற்றினார். 1906-இல் ஹான்ட்லிர்ஷ் என்ற ஆஸ்திரிய அறிஞர், இரண்டு பெட்டிகளிலும் அடங்காத பழங்காலப் புதைபடிவத் தும்பிகளுக்காக அனைசோசைகோப்டெரா என்ற மூன்றாவது பெட்டியை அமைத்தார். உயிரோடிருக்கும் எபியோஃபிளெபியாவும் அந்தப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. ‘வாழும் புதைபடிவம்’ என்ற பட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1918-இல் டார்ஜிலிங் மலைப்பகுதி ஓடையொன்றில் ஸ்டான்லி கெம்ப் ஓர் இளம்பூச்சியைச் சேகரித்தார். அதை ஆராய்ந்து 1921-இல் புதிய இனமாக அறிவித்தவர் டில்யார்டு. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, சிட்னி நகரப் பள்ளியொன்றில் கணிதமும் அறிவியலும் கற்பித்த ஆசிரியர் அவர். தும்பிகளின் மேல் கொண்ட ஆர்வத்தால் பூச்சியியல் வல்லுநர் ஆனார். லெய்ட்லா என்ற தும்பி ஆய்வாளரின் நினைவாக இந்த இனத்துக்குப் பெயரிட்டார்.

இளம்பூச்சியைப் பார்த்தாயிற்று, வளர்ந்த தும்பியை எவரும் பார்க்கவில்லை. இந்நிலையில் ஜப்பானின் அசாஹினா 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஒரு கேள்வி: லெய்ட்லாவி உண்மையில் தனி இனந்தானா? 1963-இல் இமயத்திலிருந்து கிடைத்த வளர்ந்த தும்பியை அவர் விவரித்தபோதும், தலைப்பில் “லெய்ட்லாவியின் தும்பியாக இருக்கக்கூடியது” என்ற பொருள்படவே எழுதினார். பெயர் வைத்து 42 ஆண்டுகள் ஆன பின்னும் அவர் ‘கூடியது’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. மூல ஆய்வாளர் காட்டிய இந்தத் தயக்கம் என் வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் முற்றிலும் ஆவியாகிவிட்டது. அறிவியலைப் பரப்பும் நாம் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டியது இது.

“மாறவே இல்லை” – சோதனை ஒன்று

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பாறையில் பதிந்து கிடைப்பது பெரும்பாலும் இறக்கை. இறக்கை நரம்புகளின் அமைப்பைக் கொண்டே பழங்காலத் தும்பிகளை வகைப்படுத்தினார்கள். அந்தப் பூச்சி எந்த வெப்பநிலையில் வாழ்ந்தது, எத்தனை ஆண்டுகள் நீரில் வளர்ந்தது, எதைத் தின்றது என்பவை இறக்கையில் எழுதப்படவில்லை. ஒரு வீட்டின் கூரை ஓடு பழைய ஓட்டைப் போலிருப்பதைக் கண்டு, “இந்த வீட்டில் நூறாண்டுகளாக ஒரே குடும்பம், ஒரே சமையல்” என்று முடிவு கட்டுவோமா?

கூரை ஒத்திருப்பதற்கும் காரணம் உண்டு. தும்பியின் இறக்கை நுனியருகே ஒரு சிறு நிறப்புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்த பொட்டு அன்று. எடை கூடிய பகுதி. 1972-இல் நோர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதை ஆராய்ந்தார். வேகமாக மிதந்து செல்லும்போது இறக்கை தானாக முறுக்கி அதிரத் தொடங்கும் ஒரு வரம்பு வேகம் உண்டு. இந்தச் சிறு எடை அந்த வரம்பை உயர்த்துகிறது. அவர் ஆராய்ந்த ஒரு தும்பியில் இந்த உயர்வு 10 முதல் 25 விழுக்காடு. அதற்கு ஆன செலவோ உடல் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு! காற்றின் விதிகள் ஜுராசிக் காலத்திலும் இன்றும் ஒன்றே. அந்த விதிகளுக்கு ஏற்ற வடிவம் நிலைத்திருந்தால், பூச்சி உறங்கிவிட்டது என்று பொருளல்ல. பொருந்தாத மாற்றங்கள் தலைமுறைதோறும் கழிக்கப்பட்டு வந்தன என்பதே பொருள்.

“இரண்டுக்கும் பாலம்” – சோதனை இரண்டு

உடல் தட்டான், இறக்கை ஊசித்தட்டான். ஆகவே இது இரண்டுக்கும் இடைப்பட்ட மூதாதை என்று எழுதுவது வழக்கம். இதில் ஒரு தருக்கப் பிழை இருக்கிறது.

ஹான்ட்லிர்ஷ் அமைத்த மூன்றாவது பெட்டி உண்மையில் ஒரு குடும்பத்தின் பெட்டி அன்று. மற்ற இரண்டில் சேராதவற்றைப் போட்டு வைத்த பெட்டி. பின்னாளில் உறவுமுறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அதிலிருந்த புதைபடிவங்கள் பலவும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. பெட்டி கலைந்தது. எபியோஃபிளெபியாவோ, தட்டான்களின் கிளைக்குப் பக்கத்துக் கிளையாக நிற்கிறது. இரண்டும் ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை. 2013-இல் மியான்மர் நாட்டு அம்பரில் இதற்கு நெருங்கிய உறவான ஒரு தும்பி விவரிக்கப்பட்டது. அதையும் தனிக் குடும்பமாகவே வைத்தார்கள்.

ஒரு பாறை இரண்டாக உடைகிறது என்று கொள்வோம். ஒரு துண்டு ஆற்றில் உருண்டு வழவழப்பாகிறது. மற்றது உடைந்த இடத்திலேயே சொரசொரப்பாகக் கிடக்கிறது. கதிரியக்கக் கடிகாரத்தை வைத்து அளந்தால் இரண்டின் வயதும் ஒன்றே. சொரசொரப்பான துண்டை ‘பழைய பாறை’ என்றும் மற்றதை ‘புதிய பாறை’ என்றும் சொன்னால் மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. நம் வீட்டு வேலியில் அமரும் தட்டானின் கிளையும் இமயத் தும்பியின் கிளையும் பிரிந்த நாளிலிருந்து சமமான காலத்தைக் கடந்து வந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் பாட்டி அன்று. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள்.

“கோடி ஆண்டுப் பிரிவு” – சோதனை மூன்று

காட்மாண்டுக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். இவ்வளவு தொலைவில் இரண்டு உறவினங்கள் இருந்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. 2012-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. இமயத் தும்பியின் மரபணுத் துண்டுகளையும் ஜப்பானியத் தும்பியினுடையவற்றையும் ஒப்பிட்டபோது வேறுபாடு வியக்கத்தக்க அளவு சிறியதாக இருந்தது. கடைசிப் பனியூழிக் காலத்தில் ஆசியாவின் குளிர்ந்த நிலப்பரப்பில் இவை பரவலாக வாழ்ந்திருக்கலாம். பின்னர் வெப்பம் உயர உயர, குளிர்ந்த மலை ஓடைகளில் மட்டும் ஒதுங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அவ்வாறானால் பிரிவின் வயது கோடிகளில் இல்லை, ஆயிரங்களில்தான். அதே 2012-இல் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாநிலத்திலிருந்து ஓர் இனமும் சிச்சுவான் மாநிலத்திலிருந்து ஓர் இனமும் புதிதாக விவரிக்கப்பட்டன. இடையில் வெறுமை என்று எண்ணிய இடத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றிவிட்டன.

ஆராய்ந்தவை சில மரபணுத் துண்டுகளே. இவை நான்கும் தனித்தனி இனங்கள்தாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1961-இல் அசாஹினா கேட்ட கேள்வி மீண்டும் உயிர்பெற்று நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். இப்படி விவாதம் நடந்துகொண்டிருக்கும் ஒரு பூச்சியை, எல்லாம் முடிந்துபோன ஒன்றாகக் காட்டுவதுதான் அந்தப் பட்டத்தின் பெருங்குறை.

பட்டம் மறைக்கும் உண்மை

“ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு வழக்கு?” என்று வாசகர் கேட்கலாம். சொல்லோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். பழமையை வியப்பதில் முனையும் கண்ணுக்கு, இந்தப் பூச்சி இன்று எதை நம்பி உயிர் வாழ்கிறது என்பது தெரியாமல் போகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீரில் கரையும் ஆக்சிஜனின் அளவு வெப்பநிலை உயர உயரக் குறையும். கடல் மட்டத்தில் 10 பாகை செல்சியஸ் நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 18 பாகையில் ஏறத்தாழ 9.5 மில்லிகிராம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே அங்கே இந்த அளவுகள் முறையே 8.8, 7.4 என்று இறங்கிவிடும். மலை நீர் என்றாலே ஆக்சிஜன் மிகுதி என்று நினைக்கிறோம். குளிர்ச்சி கொடுப்பதில் ஒரு பகுதியை உயரம் பறித்துக்கொள்கிறது என்பதே கணக்கு.

இப்போது ஓடையின் இரு கரை மரங்களையும் வெட்டிவிட்டதாகக் கொள்வோம். நிழல் போயிற்று. நீர் 10 பாகையிலிருந்து 18 பாகைக்குச் சூடேறியது என்றால், கரையக்கூடிய ஆக்சிஜன் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அத்துடன் முடிவதில்லை. குளிர் இரத்த உயிரிகளின் ஆக்சிஜன் தேவை, வெப்பம் 10 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. 8 பாகைக்கு முக்கால் பங்கு கூடும். வரவு ஆறில் ஒரு பங்கு குறைந்து, செலவு முக்கால் பங்கு கூடினால் எந்தக் குடும்பம் தாங்கும்? மேலும், மரம் போன சரிவிலிருந்து மண் கரைந்து வந்து கற்களின் இடுக்குகளை அடைக்கிறது. வேகமாய் ஓடும் நீரின் தாக்கும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அந்த விசையிலிருந்து ஒதுங்க இளம்பூச்சிக்கு இருக்கும் ஒரே வீடு அந்த இடுக்குதான்.

இங்கே அதன் நீண்ட இளமைக்காலத்தை நினைவில் கொள்ளுங்கள். ஓர் ஓடையில் எந்த நாளில் பார்த்தாலும், சென்ற ஆண்டு பிறந்தது முதல் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்தது வரை எல்லா வயதினரும் ஒரே நீரில் இருப்பார்கள். வெளியே பறப்பவை அந்த ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டுமே. சாலை போடும்போது தள்ளிய கல்லும் மண்ணும் ஒரு மழைக்காலத்தில் அந்த ஓடையை மூடிவிட்டால், அழிவது ஓராண்டு விளைச்சல் அன்று. ஏழெட்டு ஆண்டுகளின் மொத்தச் சேமிப்பு. கொசு ஒரு பருவம் தோற்றால் அடுத்த பருவம் ஈடு செய்துகொள்ளும். இதற்கு அந்த வசதி கிடையாது.

“டைனோசார் காலத்தைத் தாண்டியது, இதையும் தாண்டாதா?” என்று பட்டம் நம்மைத் தாலாட்டுகிறது. தாண்டியது அதன் முன்னோர் வரிசை. இன்று கல்லுக்கடியில் இருப்பதோ, இந்த ஆண்டின் நீரை மட்டுமே நம்பி மூச்சு விடும் ஒரு பூச்சி. பாறையில் பதிந்த புதைபடிவத்துக்கு ஆக்சிஜன் வேண்டாம்.

பட்டத்துக்கும் ஒரு நியாயம்

ஒருபக்கமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ‘வாழும் புதைபடிவம்’ என்ற சொல்லாட்சியை டார்வினே 1859-இல் தம் நூலில் கையாண்டிருக்கிறார். நீண்ட வரலாறும் மிகச் சில வாரிசுகளும் உடைய உயிரினங்களைச் சுட்ட அது ஒரு சுருக்கெழுத்து. மேலும், அந்தச் சொல்தான் என் வகுப்பை நிமிர வைத்தது. மாணவியைக் கேள்வி கேட்க வைத்தது. என்னைப் படிக்க வைத்தது. அந்த நன்மையை மறுக்கமாட்டேன். ஆனால் கதவைத் தட்டி எழுப்பியவனே வாசலில் நின்று வழியை மறித்தால், நகரச் சொல்லத்தானே வேண்டும்?

மாற்றுச் சொல் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செலிஸ் 1889-இலேயே ‘எஞ்சியிருப்பது’ என்று பெயர் வைத்துவிட்டார். தமிழில் ‘எஞ்சிய கிளை’ என்று சொல்லலாம். ‘புதைபடிவம்’ என்றால் கதை முடிந்தது என்று தொனிக்கிறது. ‘எஞ்சிய கிளை’ என்றால், மற்றக் கிளைகள் என்னவாயின, இந்தக் கிளை எதனால் தப்பியது, இனியும் தப்புமா என்ற மூன்று கேள்விகள் தாமாகவே எழுகின்றன. கேள்வியை எழுப்பும் சொல்லே அறிவியலுக்கு ஏற்ற சொல்.

சில வாரங்களுக்குப் பின் அதே வகுப்பில் கரும்பலகையில் நான் சொன்ன பழைய வாக்கியத்தை எழுதினேன். ‘மாறவே இல்லை’ என்பதை அடித்துவிட்டு, “இறக்கை நரம்புகள் சில பழைய புதைபடிவங்களை ஒத்திருக்கின்றன, மற்றவை பற்றிப் புதைபடிவம் பேசுவதில்லை” என்று எழுதினேன். வாக்கியம் நீண்டுவிட்டது, சுவையும் சற்றுக் குறைந்துவிட்டது. அந்த மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மீண்டும் எழுந்தாள்.

“சார், அந்த ஓடைகளின் வெப்பநிலையை இப்போது யாராவது அளந்துகொண்டு வருகிறார்களா?”

இம்முறை “நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. சரியான கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியே இருந்தது.